பாடம் செய்த கூகையை என்ன செய்வது? பள்ளியின் பழைய இயற்கைச் சேகரிப்புக்கு உள்ள வழிகள்

பழைய பள்ளிகளின் அறிவியல் ஆய்வகத்தில், கடைசி மூலையில், சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத ஓர் அலமாரி இருக்கும். திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடிக்கும். மேல் தட்டில் பாடம் செய்த கூகை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு கண்ணாடிக் கண் கழன்று, உள்ளே அடைத்த நார் எட்டிப் பார்க்கும். அதற்குக் கீழே பஞ்சில் பதித்த முட்டைகள், மஞ்சளேறிய திரவத்தில் தவளை, துருப்பிடித்த ஊசியில் வண்ணத்துப்பூச்சிகள், பழுப்புத் தாளில் ஒட்டிய செடிகள், பெயர் அழிந்த கற்கள். ஆய்வகத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று நிர்வாகம் சொல்லும் நாளில்தான் கேள்வி எழும்: இதையெல்லாம் என்ன செய்வது?

நான் உயிரியல் ஆசிரியர். இந்தக் கேள்வி என்னிடம் மூன்று முறை வந்திருக்கிறது. முதல் தடவை நான் வேலைக்குப் புதிது, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மொத்தமும் குப்பை வண்டியில் ஏறியது. ஏறும்போது ஒரு செடித் தாள் காற்றில் விழுந்தது, எடுத்துப் பார்த்தேன். நாள், ஓடையின் பெயர், கரையிலிருந்து எத்தனை அடி தூரம், பறித்தவர் பெயர், எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் இருந்தன. அந்த வண்டியில் இதுபோல இருநூறு தாள்களாவது இருந்திருக்கும். அந்த நாளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதே முடிவின் முன்னால் இப்போது நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பொருட்கள் பள்ளிகளுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோட்சியின் வழியில் வந்த ஆசிரியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ‘பொருள் பாடம்’ என்ற முறையைப் பரப்பினார்கள். முதலில் பொருளைக் கையில் கொடு, சொல் பிறகு வரட்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தேவைக்கென்றே வணிகம் வளர்ந்தது. பாரிஸில் 1831-ல் தொடங்கிய டெய்ரோல் நிறுவனம், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1862-ல் ஹென்றி வார்ட் தொடங்கிய நிறுவனம் போன்றவை எலும்புக்கூடுகளையும் பாறைகளையும் பாடம் செய்த உயிரினங்களையும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பின. மற்றவை ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே சேர்த்தவை. இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் முடிவெடுக்கும்போது பெரிதாக உதவும். விலைக்கு வாங்கியதில் பெரும்பாலும் இனத்தின் பெயர் மட்டும் இருக்கும். தாங்களே சேர்த்ததில் இடமும் நாளும் இருக்கும். பார்ப்பதற்கு முதல் வகை அழகு; அறிவியலுக்கு இரண்டாவது வகைதான் செல்வம்.

பள்ளியின் முன்னால் இருக்கும் வழிகள் என்று பார்த்தால் இவைதான்: தூக்கிப் போடலாம், கண்ணாடிக்குள் பூட்டிக் காட்சிக்கு வைக்கலாம், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம், படமெடுத்துத் திரைக்கு மாற்றலாம், புதிதாக பிளாஸ்டிக் மாதிரிகள் வாங்கிக்கொள்ளலாம், அல்லது இதையே மறுபடி வகுப்புக்குக் கொண்டுவரலாம். இதில் எது சரி என்று கேட்பதே தவறான தொடக்கம் என்பது என் அனுபவம். அலமாரி ஒன்றுதான், ஆனால் அதற்குள் பத்து விதமான பொருட்கள் இருக்கின்றன. அலமாரிக்கு மொத்தமாக ஒரே முடிவு எடுத்தால், கொடுத்திருக்க வேண்டியதைக் குப்பையில் போடுவோம், தொடக் கூடாததைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம்.

முதலில் நஞ்சைப் பற்றி

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்துப் பெக்கோர் என்பவர் ஆர்சனிக் கலந்த சவர்க்காரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பறவைத் தோலின் உட்புறத்தில் அதைப் பூசினால் பூச்சி அண்டாது. அதற்குப் பிறகு 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் வரை பாடம் செய்கிறவர்களின் கையில் அது இருந்தது. ஆகவே பழைய பறவை, பழைய விலங்கு எதுவானாலும் அதில் ஆர்சனிக் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோதித்து இல்லை என்று தெரிந்தால்தான் அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும். செடித் தாள்களில் பாதரசக் குளோரைடு பூசும் பழக்கம் இருந்தது. அதன் ஆவி மூடிய அலமாரிக்குள் தேங்கி நிற்கும். புட்டிகளில் இருப்பது ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர் என்றால், ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கற்களிலும் கவனம் வேண்டும். கல்நார், பாதரசம் உள்ள சின்னபார், யுரேனியம் உள்ள பிட்ச்பிளெண்ட் ஆகியவை பழைய கனிமப் பெட்டிகளில் சாதாரணமாக இருந்தவை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கதவைத் திறந்துவைத்துக் காற்றாட விட்டு, நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் போட்டு, பெரியவர்கள் மட்டும் முதல் சுற்றுப் பார்த்தால் போதும். தூசியைத் துடைப்பத்தால் தட்டக் கூடாது. அந்தத் தூசியிலேயே ஆர்சனிக் இருக்கலாம். கசியும் புட்டிகளை நகர்த்தாமல் வேதிக்கழிவு கையாளத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். எந்தப் புட்டியையும் தொட்டியில் கொட்டாதீர்கள்.

இன்னொன்று, சீட்டு. பொருளை நகர்த்துவதற்கு முன்பே அது இருந்த இடத்தில் வைத்து, சீட்டோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று நல்ல மனதோடு சீட்டுகளையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் நூறு வருடப் பதிவு போய்விடும். சீட்டை இழந்த முட்டை வெறும் ஓடுதான்.

தூக்கிப் போடுவது, பூட்டி வைப்பது, புதிது வாங்குவது

இந்த மூன்றையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

தூக்கிப் போடுவது சில பொருட்களுக்கு நியாயமான முடிவுதான். பூச்சி அரித்துத் தோல் மட்டும் மிஞ்சியது, சீட்டும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை, ஆர்சனிக் தூசி உதிர்கிறது என்றால் அதை வைத்திருப்பதில் பயனில்லை. அதுவும் ஆபத்தான கழிவாகத்தான் போக வேண்டும், சாதாரணக் குப்பையாக அல்ல. அருங்காட்சியகத்து வண்டு எனப்படும் ஆந்த்ரீனஸ் வண்டின் புழு ஒன்றில் இருந்தால் பக்கத்துப் பெட்டிக்கும் போய்விடும். அரிப்பு புதிது என்றால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்தால் புழு செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு பை முழுதாக அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் ஈரம் படியும். உணவு வைக்கும் உறைபெட்டியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பூட்டிக் காட்சிக்கு வைப்பது எல்லோருக்கும் பிடித்த நடுவழி. செலவில்லை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் ஒரு வாரம் பார்ப்பார்கள், அப்புறம் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும். ஆர்சனிக் உள்ள பறவைகளுக்கு மட்டும் இது சரியான இடம். வெயில் படாத சுவரில் வைத்தால் இறகின் நிறம் நிற்கும்.

புதிய பிளாஸ்டிக் மாதிரிகள் நல்லவைதான். மனித இதயத்தை வெட்டிக் காட்ட வேறு வழி இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓசூ என்ற பிரெஞ்சு மருத்துவர் காகிதக் கூழால் கழற்றி மாட்டும் உடல் மாதிரிகள் செய்து விற்றார். அவற்றில் ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால் அது இன்று அருங்காட்சியகப் பொருள், தயவுசெய்து வண்ணம் பூசிப் புதுப்பிக்காதீர்கள். ஆனால் மாதிரி என்பது ஒருவர் ஏற்கெனவே கண்டு முடித்ததன் வடிவம். அதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. பத்து பிளாஸ்டிக் மண்டையோடுகள் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். உண்மையான பத்து நத்தை ஓடுகளில் இரண்டு ஒன்றுபோல இருக்காது. வேறுபாடு என்ற சொல் இல்லாமல் பரிணாமத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது

நல்ல யோசனை. ஆனால் நாம் நினைக்கிறபடி அவர்கள் வண்டி அனுப்பி அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எங்கே, எப்போது, யார் சேர்த்தது என்பதுதான். மூன்றுக்கும் பதில் இருந்தால் கிழிந்த செடித் தாளைக்கூட வாங்கிக்கொள்வார்கள். பதில் இல்லை என்றால் கம்பீரமாக நிற்கும் கழுகையும் வேண்டாம் என்பார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இடம் அவர்களுக்கும் குறைவு.

சட்டமும் குறுக்கே வரும். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. உயிருள்ளது மட்டுமல்ல, தோல், முட்டை, பவளம், ஆமை ஓடு எல்லாம் அதற்குள் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி வனவுயிர்ச் சட்டம் உண்டு. வைத்திருக்கவே அனுமதி தேவைப்படும் பொருட்களும் இருக்கும். ஆகவே விற்கிற யோசனையே வேண்டாம். கொடுப்பதற்கு முன்னும் பொறுப்பான அலுவலரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கொடுத்தால் பொருள் பிழைக்கும், பள்ளி இழக்கும். நான் இரண்டாவது முறை செய்தது இதுதான். சீட்டுள்ள செடித் தாள்கள் எல்லாவற்றையும் கொடுத்தோம், சரியாகவே செய்தோம். ஆனால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அடுத்த வருடம் வகுப்பில் காட்ட ஒன்றும் இல்லை. ஒப்புக்கொடுக்கும் கடிதத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: உயர் தரப் படங்கள் பள்ளிக்குத் தர வேண்டும், கேட்கும்போது பார்வைக்கு அனுமதிக்க வேண்டும் என்று. பல அருங்காட்சியகங்கள் பள்ளிகளுக்கு இரவல் பெட்டிகள் அனுப்புகின்றன. அந்த ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

திரைக்கு மாற்றுவது

இதை ஆரம்பத்தில் நான் எதிர்த்தேன். இப்போது பாதி மனம் மாறியிருக்கிறேன். மாற்றியது கூகையின் இறகு.

கூகை சத்தமில்லாமல் பறக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். சிறகின் வெளி ஓரத்தில் இருக்கும் முதன்மை இறகைப் பார்த்தால் காரணத்தில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியும். அதன் முன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய முட்கள் வரிசையாக வளைந்து நிற்கும். காற்று அந்த விளிம்பில் மோதும்போது எழ வேண்டிய ஓசையை அவை குறைக்கின்றன. எங்கள் கூகையைத் தொட முடியாது. கைபேசியில் ஒட்டும் சின்ன உருப்பெருக்கி லென்ஸ் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு நானே படம் எடுத்துத் திரையில் போட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து முன்னால் வந்துவிட்டான். ‘இது இறகா சார்?’ என்றான். தொட்டிருந்தால்கூட அந்த முட்களை அவன் பார்த்திருக்க மாட்டான்.

பொருளைச் சுற்றிச் சுற்றி நூறு படம் எடுத்தால் முப்பரிமாண வடிவம் ஆக்கும் மென்பொருள்கள் இப்போது சாதாரணம். எலும்பும் சங்கும் அதில் நன்றாக வரும். பளபளக்கும் வண்டும் இறகும் சரியாக வராது. நாமே எடுக்காவிட்டாலும் கிடைப்பது நிறைய. அமெரிக்க அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்திய ஓப்பன்வெர்டிபிரேட் திட்டம் 13,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை சி.டி. ஸ்கேன் செய்து இலவசமாகப் பொதுவில் வைத்திருக்கிறது. உலகளாவிய உயிர்ப்பன்மைத் தகவல் மையமான ஜிபிஃப் தளத்தில் 200 கோடிக்கும் அதிகமான பதிவுகள் இருக்கின்றன. உங்கள் அலமாரிச் சீட்டில் உள்ள இனத்தை அங்கே தேடி, அந்த நாளில் எங்கெங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளே பார்க்கலாம்.

குறை என்ன என்றால், திரையில் கூகையும் சிட்டுக்குருவியும் ஒரே அளவுதான். எடை இல்லை, சொரசொரப்பு இல்லை. அதைவிடப் பெரிய குறை, படம் எடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதுதான் தெரியும். பிள்ளை தானாகத் திருப்பிப் பார்த்து, நாம் எதிர்பாராத பக்கத்தில் எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடிக்க வாய்ப்பு குறைவு. எனவே படம் பொருளுக்குத் துணையாக இருக்கட்டும். படம் எடுத்தாயிற்று, இனிப் பொருள் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் உறுதியாக மறுத்துவிடுங்கள். நாளைக்கு வரும் கேள்விக்கு இன்றைய படத்தில் பதில் இருக்காது.

மறுபடி வகுப்புக்கு

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். அதிக உழைப்பைக் கேட்பதும் இதுதான்.

முட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1960-களில் பிரிட்டனில் பெரெக்ரின் வல்லூறுகள் குறைந்துகொண்டே போயின. கூட்டிலேயே முட்டைகள் உடைந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், முட்டை சேகரிப்போர் வைத்திருந்த பழைய ஓடுகளை எடுத்து எடை போட்டார். ஓட்டின் எடையை மில்லிகிராமில் எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கிய எண்ணால் வகுத்தார். அவ்வளவுதான் கணக்கு. 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தது. 1967-ல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த காலமும் அதுவே, டி.டி.டி. உடலில் சிதைந்து உண்டாகும் டி.டி.இ.தான் ஓட்டை மெலிய வைக்கிறது என்பது பிறகு உறுதியானது. அந்த முட்டைகளைச் சேர்த்தவர்கள் யாரும் பூச்சிக்கொல்லியை மனதில் வைத்துச் சேர்க்கவில்லை. பொழுதுபோக்குக்காகச் சேர்த்தார்கள், ஆனால் தேதி எழுதினார்கள்.

இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம். முதலில் உள்ளீட்டை வெளியேற்றிய கோழி முட்டை ஓட்டில் பழகட்டும். ஓடு 5,500 மில்லிகிராம், நீளம் 57, அகலம் 43 மில்லிமீட்டர் என்றால் 2.24 என்று வரும். கை பழகிய பிறகு அலமாரி முட்டைகள். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசும் ஒரு வெர்னியர் அளவியும் போதும். மேசையில் மடித்த துணி விரித்துவிடுங்கள். மூன்று வகுப்புகள் இதைச் செய்து முடித்தோம், ஒரு முட்டை உடைந்தது. அந்தப் பிள்ளை அழுதாள். சீட்டில் ‘உடைந்தது’ என்று தேதியோடு அவளையே எழுதச் சொன்னேன், துண்டுகளை ஒரு சிறு உறையில் போட்டு அதே இடத்தில் வைத்தோம்.

முட்டையிலும் சங்கிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். மர அலமாரியிலிருந்து, முக்கியமாக ஓக் மரத்திலிருந்து, கசியும் அசிட்டிக் அமில ஆவி சுண்ணாம்பு ஓட்டை அரிப்பதால் வருவது அது. பைன் (Byne) என்பவரின் பெயரால் இதைப் பைன் நோய் என்பார்கள், பைன் மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொருளை அந்த மரப்பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதுவே அமிலம், காரம் பாடத்துக்கு நல்ல தொடக்கம்.

செடித் தாள்களின் கதை இதைவிடப் பெரிது. 1987-ல் உட்வர்ட் என்ற தாவரவியலாளர், இருநூறு ஆண்டுகளில் சேர்த்த எட்டு மர இனங்களின் உலர்ந்த இலைகளை எடுத்து, இலை காற்றை உள்ளே வாங்கும் நுண்ணிய இலைத்துளைகளை எண்ணினார். அடர்த்தி 40 சதவீதம் குறைந்திருந்தது. காற்றில் கரியமில வாயு கூடக் கூட, குறைந்த துளைகளே இலைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பழைய இலையில் பிள்ளைகள் இதைச் செய்யக் கூடாது. நகப்பூச்சைத் தடவி உரித்தால் இலை கிழிந்துவிடும், பாதரசமும் இருக்கும். அதே மரத்தின் புதிய இலையில் நகப்பூச்சு அச்சு எடுத்து எண்ணிப் பழகலாம். பழைய தாளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தேதி. தாளில் இருக்கும் செடி பூத்திருக்கிறதா, எந்த மாதம், எந்த நாள் என்று குறித்துக்கொண்டு, அதே செடி இன்று எப்போது பூக்கிறது என்று வெளியே போய்ப் பார்க்கட்டும். படமே இதற்குப் போதும்.

பழைய பெயர்களும் பாடம்தான். எங்கள் கூகையின் சீட்டில் ஸ்ட்ரிக்ஸ் ஃப்ளேமியா என்று இருந்தது. இன்றைய புத்தகத்தில் டைட்டோ ஆல்பா. எது சரி என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பறவை மாறவில்லை, உறவுமுறை பற்றிய நம் புரிதல்தான் மாறியது என்று அவர்களே பேசி வந்து சேர ஒரு முழுப் பாடவேளை ஆனது. அந்த நேரத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை.

‘இதையெல்லாம் கொன்றார்களா?’ என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். சிலதைக் கொன்றார்கள், சிலது இறந்து கிடந்தவை, எது எதுவென்று சீட்டில் இருந்தால் காட்டுங்கள். வட அமெரிக்காவில் வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. இன்று அந்தப் பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படியொரு அலமாரிதான் இருக்கிறது. இன்று நாம் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்பதும், அன்று சேர்த்ததை வீணாக்கக் கூடாது என்பதும் ஒரே பேச்சில் வர வேண்டும்.

சரி, முடிவு என்ன? மூன்றாவது முறை நாங்கள் பிரித்த விதத்தைச் சொல்கிறேன். இடமும் நாளும் உள்ள செடித் தாள்கள் படமெடுத்த பிறகு அருங்காட்சியகத்துக்குப் போயின. சங்குகள், எலும்புகள், ஆபத்தில்லை என்று சரிபார்த்த பாறைகள், சீட்டு இல்லாத நத்தை ஓடுகள் எல்லாம் பிள்ளைகள் தொடும் தட்டுக்கு வந்தன. முட்டைகள் சட்டப்படி அனுமதி கேட்டுப் பூட்டிய இழுப்பறையில் இருக்கின்றன, கணக்குப் போடும் வாரத்தில் மட்டும் வெளியே வரும். புட்டிகளை வேதிக்கழிவுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். நல்ல நிலையில் இருந்த நான்கை மட்டும், ஃபார்மலினை மாற்றி 70 சதவீத எத்தனாலில் வைத்து, மூடி இறுக்கி, ஒரு பல்கலைக்கழகத் துறை வாங்கிக்கொண்டது. அரித்துப்போன இரண்டு அணில்கள் கழிவாகப் போயின.

கூகை கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்தில் அந்த இறகு விளிம்பின் பெரிய படம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய சீட்டை எடுக்காமல் அதன் கீழே புதிய சீட்டு ஒன்று எழுதி வைத்தார்கள்: பெயர், பழைய பெயர், சரிபார்த்த நாள், ‘ஆர்சனிக் இருக்கலாம், தொடக் கூடாது’. இடம் என்ற வரியில் என்ன எழுதுவது என்று நீண்ட நேரம் பேசினார்கள். பள்ளியின் பெயரை எழுதலாம் என்றார்கள் சிலர், பக்கத்து ஊர் என்று ஊகிக்கலாம் என்றார்கள் சிலர். கடைசியில் ‘தெரியாது’ என்றே எழுதினார்கள்.